சி.எச். முஹம்மது கோயா சாஹிப்: சட்டமன்றப் பணியும் தேர்தல் வரலாறும்

கேரளத்தில் இதுவரை ஒரே ஒரு முஸ்லிம்தான் முதலமைச்சராக இருந்திருக்கிறார். அவர்தான் மர்ஹூம் சி.எச். முஹம்மது கோயா சாஹிப். 1979 அக்டோபர் 12 அன்று பதவியேற்ற அவர், டிசம்பர் 1 அன்று விலகிவிட்டார். இரண்டு மாதம்கூட நிறையாத ஆட்சி அது.

அந்த முதலமைச்சர் பதவியைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டவர்கள் நம்மில் பலர். ஆனால், அவருடைய பொதுவாழ்வின் எடை அதில் இல்லை. நகராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், சபாநாயகர், மக்களவை உறுப்பினர், கல்வி அமைச்சர், எதிர்க்கட்சி வரிசை, துணை முதலமைச்சர் என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் மக்கள் பிரதிநிதியாக இருந்தார். நாம் அளிக்கும் வாக்கால் சபைக்குப் போகும் ஒருவர் அங்கே என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு அவருடைய வரலாற்றில் பதில் இருக்கிறது. சிறுபான்மைக் கட்சி ஒன்று கூட்டணி அரசியலில் எதைப் பெறலாம், எதை இழக்கலாம் என்பதும் அதில் தெரிகிறது. இளைய தலைமுறையும் அறிந்துகொள்ளட்டும் என்று அதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பிறப்பும் தொடக்கமும்

சி.எச். 1927 ஜூலை 15 அன்று கோழிக்கோட்டை அடுத்த அத்தோளியில் பிறந்தார். அன்று மலபார் என்பது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவாகும் வரை மலபார் மக்கள் தங்கள் பிரதிநிதிகளைச் சென்னைக்குத்தான் அனுப்பினார்கள். ஆகவே, மலபார் முஸ்லிம்களின் அரசியலும் தமிழக முஸ்லிம்களின் அரசியலும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் போன்றவை. 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூடிய கூட்டத்தில்தான் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. அதன் தலைவரானவர் நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப்.

வசதி இல்லாத குடும்பத்தில் பிறந்த சி.எச்., மாணவப் பருவத்திலேயே பேச்சாலும் எழுத்தாலும் கவனிக்கப்பட்டார். முஸ்லிம் லீக்கின் நாளேடான சந்திரிகாவில் சேர்ந்து அதன் ஆசிரியராக உயர்ந்தார். பயண நூல்களும் எழுதினார். பாஃபக்கி தங்கள், கே.எம். சீதி சாஹிப் ஆகிய இரு பெரும் தலைவர்களின் நிழலில் அவர் அரசியல் பயின்றார். 1950களின் தொடக்கத்தில் கோழிக்கோடு நகராட்சி உறுப்பினரானார். அவருடைய தேர்தல் பயணம் அங்கே தொடங்கியது.

தேர்தல் வரலாறு ஒரே பார்வையில்

1957: கேரளத்தின் முதல் சட்டமன்றம். தானூர் தொகுதி.

1960: இரண்டாவது சட்டமன்றம். மீண்டும் தானூர்.

1962: மக்களவை. கோழிக்கோடு தொகுதி.

1967: சட்டமன்றம். மங்கட தொகுதி.

1970: சட்டமன்றம். கொண்டோட்டி தொகுதி.

1973: மக்களவை இடைத்தேர்தல். மஞ்சேரி தொகுதி.

1977: சட்டமன்றம். மலப்புரம் தொகுதி.

1980, 1982: மலப்புரம் மாவட்டத்திலிருந்தே மீண்டும் சட்டமன்றம். 1982இல் மஞ்சேரி தொகுதி.

ஆக, சட்டமன்றத்துக்கு ஏழு முறை, மக்களவைக்கு இரண்டு முறை வெற்றி. இந்தப் பட்டியலில் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. கோழிக்கோட்டுப் பக்கத்துக்காரரான அவர், கோழிக்கோட்டின் பெயரில் மக்களவைக்குப் போனாரே தவிர, சட்டமன்றத்துக்கு அவரை அனுப்பியதெல்லாம் இன்றைய மலப்புரம் மாவட்டத்துத் தொகுதிகள்தான். ஒரே தொகுதியைச் சொந்தமாக்கிக்கொள்ளாமல், மாறி மாறி வெவ்வேறு தொகுதிகளில் நின்றார்.

முப்பத்து மூன்று வயதில் சபாநாயகர்

1957இல் சி.எச். முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது ஆட்சியில் இருந்தது ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு. லீக்கின் வலிமை எட்டு இடங்கள். முப்பது வயதே நிறையாத உறுப்பினர் எதிர்வரிசையில் இருந்து சபைப் பணியைக் கற்றார்.

1959 ஜூலையில் அந்த அரசு கலைக்கப்பட்டது. 1960 தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் மூன்றும் கைகோத்து வென்றன. லீக்குக்குப் பதினொரு இடங்கள் கிடைத்தன. ஆனால், வெற்றிக்குப் பிறகு அமைச்சரவையில் லீக்குக்கு இடம் தரப்படவில்லை. வாக்குக்கு வேண்டும், ஆட்சிக்கு வேண்டாம் என்ற நிலை. சமாதானமாகக் கிடைத்தது சபாநாயகர் பதவி. சீதி சாஹிப் அதில் அமர்ந்தார்.

1961 ஏப்ரலில் சீதி சாஹிப் வஃபாத்தானார். அந்த இடத்துக்குச் சி.எச். பெயர் வந்தபோது காங்கிரஸ் ஒரு நிபந்தனை வைத்தது. லீக் உறுப்பினர் பொறுப்பை விட்டால்தான் அவரை ஆதரிப்போம் என்றது. கட்சி அதை ஏற்றது. 1961 ஜூன் 9 அன்று, முப்பத்து மூன்று வயதில், அவர் சபாநாயகரானார்.

இந்த நிபந்தனையை ஏற்றது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஒரு பதவிக்காகக் கட்சி அடையாளத்தைக் கழற்றி வைப்பதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கசப்பு நீடித்தது. அதே ஆண்டு நவம்பரில் காங்கிரசுடனான உறவு முறிந்ததும் சி.எச். சபாநாயகர் பதவியை விட்டு இறங்கினார். ஐந்து மாதப் பதவிதான் அது. ஆனால், தேர்தல் கூட்டணியில் சேர்வது வேறு, ஆட்சியில் பங்கு பெறுவது வேறு என்ற பாடத்தை லீக் அப்போது படித்துக்கொண்டது.

1962: தனித்து நின்ற தேர்தல்

அடுத்த ஆண்டே மக்களவைத் தேர்தல் வந்தது. காங்கிரசின் துணை இல்லை, கம்யூனிஸ்டுகளின் துணையும் இல்லை. கோழிக்கோட்டில் மும்முனைப் போட்டியில் சி.எச். நின்றார். லட்சத்துக்கும் மேல் வாக்குப் பெற்ற அவர், ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். அதே தேர்தலில் மஞ்சேரியில் காயிதே மில்லத் வென்றார். லீக்கைக் கூட்டணியில் ஒதுக்கிவைத்தவர்களுக்கு இந்த இரண்டு வெற்றிகளும் பதில் சொல்லின.

மெல்லிய வித்தியாசத்தில் கிடைத்த அந்த வெற்றி நமக்கு ஒன்றை நினைவூட்டுகிறது. ஒரு சில வார்டுகளில் வாக்காளர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால், இந்த வரலாறு வேறு விதமாகப் போயிருக்கும். தேர்தல் நாளன்று சோம்பி இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்வி அமைச்சர்: வாழ்வின் முக்கியப் பகுதி

1967இல் ஈ.எம்.எஸ். தலைமையில் ஏழு கட்சிகள் சேர்ந்த முன்னணி கேரளத்தில் ஆட்சிக்கு வந்தது. பதினான்கு இடங்களுடன் லீக் அதில் பங்காளி. சுதந்திர இந்தியாவில் முஸ்லிம் லீக் ஒரு மாநில அமைச்சரவையில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. மங்கடயில் வென்ற சி.எச். கல்வித் துறையை ஏற்றார்.

கல்வித் துறையை ஏற்றதுதான் அவருடைய வாழ்வின் முக்கியத் திருப்பம். அன்றைய மலபார், திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிகளைவிடக் கல்வியில் வெகுவாகப் பின்தங்கி இருந்தது. பள்ளிகள் குறைவு, கல்லூரிகள் அதைவிடக் குறைவு. பட்டப்படிப்புக்கு வந்துசேர்ந்த மலபார்ப் பிள்ளைகளும் தெற்குக் கோடியில் இருந்த திருவனந்தபுரம் பல்கலைக்கழகத்தையே நம்பி இருந்தார்கள். முஸ்லிம் வீடுகளிலோ, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் படிப்பு, ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிடும்.

இந்த நிலையை மாற்ற அவர் காலத்தில் நடந்தவை பல. முதலாவது, 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் தேஞ்ஞிப்பலத்தில் உருவானது. கேரளப் பல்கலைக்கழகத்துக்கு அடுத்து மாநிலத்தின் இரண்டாவது பல்கலைக்கழகம் அது. வடகேரளத்துக்கு முதலாவது. அது எல்லாச் சமுதாயப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. மலபார் முழுவதற்கும் செய்த காரியத்தில் முஸ்லிம்களும் பயன்பெற்றார்கள் என்பதே சரி. சி.எச். கல்வியைப் பார்த்த விதமும் அதுதான்.

இரண்டாவது, பள்ளிகளில் அரபு கற்பிக்கும் ஆசிரியர்களின் பணி நிலையை உயர்த்தியது. பள்ளியில் அரபு கற்கலாம் என்றால் பிள்ளையை அனுப்பலாம் என்று எண்ணிய பெற்றோர் அன்று ஏராளம். அரபு வகுப்பைத் தேடி வந்த பிள்ளை கணக்கும் அறிவியலும் சேர்த்தே படித்தது.

மூன்றாவது, கல்லூரிக் கல்வி. அவர் கல்வி அமைச்சராக இருந்த 1972இல்தான் தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும் முறை கேரளத்தில் வந்தது. நிர்வாகத்தின் தயவை எதிர்பார்த்து நின்ற ஆசிரியருக்கு அது பெரிய விடுதலை. சிறு ஊர்களில் சமுதாய நிறுவனங்கள் நடத்திய கல்லூரிகளும் இதனால் நிலைத்தன. 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகம் உருவானதும் அவர் பதவிக் காலத்தில்தான்.

இதற்கிடையே 1969 ஜூன் 16 அன்று மலப்புரம் மாவட்டம் உருவானது. லீக் வற்புறுத்திப் பெற்ற மாவட்டம் அது. முஸ்லிம்கள் அதிகமாக வாழும் மாவட்டம் ஒன்றை உருவாக்கினால் நாட்டுக்கு ஆபத்து என்று அன்று கடுமையான பிரச்சாரம் நடந்தது. கே. கேளப்பன் போன்ற மூத்த காந்தியவாதியும் அதை எதிர்த்தார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆபத்து எதுவும் வரவில்லை. ஆட்சியர் அலுவலகமும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும்தான் மக்களுக்குப் பக்கத்தில் வந்தன.

1969 இறுதியில் ஈ.எம்.எஸ். அரசு கவிழ்ந்தது. சி. அச்சுத மேனன் முதலமைச்சரானார். லீக் அணி மாறி அதிலும் பங்கேற்றது. கல்வி, உள்துறை ஆகிய பொறுப்புகளைச் சி.எச். கவனித்தார். 1970 தேர்தலில் கொண்டோட்டியில் வென்று அமைச்சராகத் தொடர்ந்தார். இடதுபுறம் இருந்து வலதுபுறம், பிறகு மீண்டும் மாற்றம் என்று லீக் அணி மாறியதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், முதலமைச்சர் நாற்காலியில் யார் இருந்தாலும், சி.எச். கேட்டு வாங்கிய துறை கல்வியாகவே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காயிதே மில்லத்தின் தொகுதியில்

1962, 1967, 1971 என மூன்று முறை மஞ்சேரி மக்கள் காயிதே மில்லத்தை மக்களவைக்கு அனுப்பினார்கள். தமிழகத்தைச் சேர்ந்த தலைவர் ஒருவரை, மலையாளம் பேசும் மக்கள் தங்கள் பிரதிநிதியாக ஏற்ற வரலாறு அது. 1972 ஏப்ரல் 5 அன்று காயிதே மில்லத் வஃபாத்தானார். 1973 ஜனவரியில் பாஃபக்கி தங்கள் மக்காவில் வஃபாத்தானார். பத்து மாத இடைவெளியில் லீக் தன் இரு தூண்களையும் இழந்தது.

காயிதே மில்லத்தின் இடத்தை நிரப்ப மஞ்சேரியில் நடந்த இடைத்தேர்தலில் சி.எச். நிறுத்தப்பட்டார். மாநில அமைச்சர் பதவியை விட்டு டெல்லிக்குப் போனார். அதிகாரம் உள்ள நாற்காலியை விட்டு வெறும் உறுப்பினராகப் போவது எல்லோராலும் ஆகாது.

வெற்றியை ரத்து செய்த தீர்ப்பு

1977 தேர்தலில் மலப்புரத்தில் வென்று சி.எச். மீண்டும் மாநிலத்துக்கு வந்தார். கே. கருணாகரன் அமைச்சரவையிலும், அதை அடுத்து வந்த ஏ.கே. அந்தோணி அமைச்சரவையிலும் கல்வி அமைச்சரானார். அப்போதுதான் அவருடைய தேர்தல் வாழ்வின் பெரிய சோதனை வந்தது.

அவருடைய வெற்றியை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு தொடரப்பட்டது. சந்திரிகா நாளேட்டில் வந்த கட்டுரைகளும் கேலிச்சித்திரங்களும் மக்களிடையே பகையை வளர்த்தன, அந்த ஏட்டின் தலைமை ஆசிரியர் சி.எச். என்பதால் அவரே பொறுப்பு என்பது குற்றச்சாட்டின் சாரம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, மதம், சாதி, மொழி அடிப்படையில் வேட்பாளர் பகையைத் தூண்டினால் அது தேர்தல் முறைகேடு. வெற்றி ரத்தாகும். உயர் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்று அவருடைய வெற்றியைச் செல்லாது என்றது. 1977 டிசம்பரில் சி.எச். அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம் 1978 செப்டம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பத்திரிகைச் சட்டத்தின்படி, ஏட்டில் யாருடைய பெயர் ஆசிரியர் என்று அறிவிக்கப்பட்டு அச்சிடப்படுகிறதோ, அவரே வெளியாகும் செய்திக்குப் பொறுப்பாளர் என்று கொள்ளப்படும். சந்திரிகாவுக்கு அப்படி ஓர் ஆசிரியர் தனியாக இருந்தார். தலைமை ஆசிரியர் என்ற பட்டத்தைச் சட்டம் அறியாது. அதை மட்டும் வைத்துச் சி.எச். மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்று நீதிமன்றம் கருதியது. பத்திரிகை தொடர்பான பிற்கால வழக்குகளிலும் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

1978 அக்டோபரில் அவர் மீண்டும் கல்வி அமைச்சரானார். தீர்ப்பு எதிராக வந்தபோது பதவி விலகினார், சட்ட வழியில் போராடினார், நீதி கிடைத்ததும் திரும்பினார். தேர்தலில் நிற்க விரும்பும் நம் இளைஞர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். மேடைப் பேச்சும் அச்சில் வரும் எழுத்தும் வென்ற வெற்றியையே பறிக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

முதலமைச்சர் பதவி

அந்தோணிக்குப் பிறகு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி.கே. வாசுதேவன் நாயர் முதலமைச்சராக இருந்தார். இடதுசாரிகள் ஒன்றுசேர வேண்டும் என்று அவருடைய கட்சி எடுத்த முடிவையொட்டி, 1979 அக்டோபரில் அவர் விலகினார். மாற்று அரசுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒருவரைத் தேடியபோது சி.எச். முன்னுக்கு வந்தார். அக்டோபர் 12 அன்று முதலமைச்சரானார். அப்போது கேரள ஆளுநராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த ஜோதி வெங்கடாசலம்.

நூற்று நாற்பது உறுப்பினர் சபையில் லீக்கின் எண்ணிக்கை பதின்மூன்றுதான். பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கட்சியின் தலைவர் முதலமைச்சராவது அவர் மீது மற்றவர்கள் கொண்ட நம்பிக்கைக்கு அடையாளம். ஆனால், நம்பிக்கை மட்டும் ஆட்சியைக் காப்பாற்றாது. ஆதரித்த கட்சிகள் ஒவ்வொன்றாக விலகின. சபையைக் கலைக்கப் பரிந்துரைத்துவிட்டு டிசம்பர் 1 அன்று சி.எச். விலகினார்.

மொழிப் போராட்டமும் எதிர்வரிசையும்

1980 தேர்தலில் இடது முன்னணி வென்று ஈ.கே. நாயனார் முதலமைச்சரானார். சி.எச். எதிர்வரிசையில் அமர்ந்தார். அந்த ஆண்டு அரபு, உருது, சமஸ்கிருத மொழிப் பாடங்களுக்கு அரசு விதித்த புதிய நிபந்தனைகள் அம்மொழிகளின் கற்பித்தலையே நெருக்கும் என்ற அச்சம் எழுந்தது. ஜூலை 30 அன்று மலப்புரத்தில் முஸ்லிம் இளைஞர் லீக் நடத்திய போராட்டத்தில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். சி.எச். சபையில் இந்தப் பிரச்சினைக்காகக் குரல் கொடுத்தார். இறுதியில் அரசு பின்வாங்கியது. அந்த மூவரின் நினைவு நாளை மலபார் மக்கள் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள்.

துணை முதலமைச்சர், வஃபாத்

1981 டிசம்பர் இறுதியில் கருணாகரன் அமைத்த அரசில் சி.எச். துணை முதலமைச்சரானார். அது சில மாதங்களே நீடித்தது. 1982 மே தேர்தலில் ஐக்கிய ஜனநாயக முன்னணி வென்றபோது மீண்டும் அதே பதவியை ஏற்றார். முதலமைச்சராக இருந்த ஒருவர் இன்னொருவருக்குக் கீழே துணையாக இருக்கச் சம்மதித்தது பலருக்கு வியப்பு. அவருக்கு அது சிரமமாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

1983 செப்டம்பர் 28 அன்று, துணை முதலமைச்சராக இருக்கும்போதே, ஹைதராபாத்தில் வஃபாத்தானார். வயது ஐம்பத்தாறு. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய மகன் எம்.கே. முனீர் பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் பணியாற்றினார்.

இன்று எஞ்சி நிற்பவை

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் மைய நூலகம் சி.எச். பெயரைத் தாங்கி நிற்கிறது. சிறுபான்மைச் சமுதாய மாணவிகள் கல்லூரியில் படிக்கக் கேரள அரசு தரும் உதவித்தொகைக்கும் அவர் பெயரே. கேரளத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளின் அருகே சி.எச். சென்டர்கள் இயங்குகின்றன. வெளியூரில் இருந்து வரும் ஏழை நோயாளிகளுக்கும் உடன் இருப்பவர்களுக்கும் உணவும் மருந்தும் அங்கே கிடைக்கின்றன. யார், எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

அவர் வகித்த பதவிகளில் பெரியது மிகக் குறைந்த நாள்கள் நீடித்தது. சபாநாயகர் பதவி ஐந்து மாதம், முதலமைச்சர் பதவி ஐம்பது நாள் அளவு. கல்வித் துறையில்தான் அவர் ஆண்டுக் கணக்கில் உழைத்தார். அந்த உழைப்பில் உருவான பல்கலைக்கழகம் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்தும் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

தேர்தல் வரும்போது நம் சமுதாயத்தில் எழும் முதல் கேள்வி, எத்தனை இடம் கிடைக்கும் என்பது. அதைக் கேட்கத்தான் வேண்டும். எட்டு, பதினொன்று, பதினான்கு, பதின்மூன்று என்று லீக்கின் எண்ணிக்கை ஒருபோதும் பெரிதாக இருந்ததில்லை. அந்த எண்ணிக்கையை வைத்து எந்தத் துறையைக் கேட்டார்கள், கிடைத்த துறையில் எதைச் செய்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. நம் தொகுதியில் வாக்குக் கேட்டு வருபவரிடம் இந்த இரண்டாவது கேள்வியையும் கேட்போம். அல்லாஹ் மர்ஹூம் சி.எச். அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்று, மறுமையில் உயர்ந்த இடத்தைத் தருவானாக. ஆமீன்.